எம்ப்டி

அந்தப் பழைய டிரம் யார்டில் யாரும் காலி என்று சொல்லமாட்டார்கள். ஆள் காலி என்றால் ஆள் முடிந்தான் என்று அர்த்தம். நெருப்பை வைத்துப் பிழைக்கிற இடத்தில் அந்தச் சொல்லை வாயில் வைக்கலாமா? அதனால் எம்ப்டி.

யார் கொண்டுவந்த சொல் என்று தெரியாது. வருகிற டிரம்களின் வயிற்றில் வெள்ளைப் பெயிண்டால் ஆங்கிலத்தில் அடித்திருக்கும். அங்கிருந்து எல்லோர் வாய்க்கும் ஏறிவிட்டது. சாப்பாட்டு மணிக்கு முன் வயிறு எம்ப்டி. மாசக் கடைசியில் பாக்கெட் எம்ப்டி. முதலாளியின் மச்சினன் யார்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனால், அவர் வண்டி கேட்டைத் தாண்டும்வரை காத்திருந்து, யாராவது தன் மண்டையைத் தட்டிக் காட்டி எம்ப்டி என்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். பாரமில்லாத சொல். நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. உள்ளே ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

அவள் அங்கே டிரம் கழுவுகிறவள். அவள் கணவன் டிரம் அறுக்கிறவன்.

பெயிண்ட் கம்பெனி, பசை கம்பெனி, மருந்து கம்பெனி என்று பல இடங்களிலிருந்து டிரம்கள் லாரியில் வரும். இறக்கும்போதே இரண்டாகப் பிரிப்பார்கள். உடம்பு நேராக இருப்பது கழுவும் கொட்டகைக்கு. நசுங்கியது அறுக்கும் கொட்டகைக்கு. நேரான டிரம்முக்குள் அவள் சுடுதண்ணி ஊற்றி, சலவைச் சோடா போட்டு, சங்கிலித் துண்டைப் போட்டு உருட்டி, கவிழ்த்து, மறுபடியும் ஊற்றி, வாடை போகும்வரை கழுவுவாள். விலைக்கு வாங்க வருகிறவன் வாய்மூடியைத் திறந்து முதலில் மூக்கைத்தான் வைப்பான். பழைய வாடை இருந்தால் டிரம் திரும்பி வந்துவிடும்.

நசுங்கியதை யாரும் மோந்து பார்ப்பதில்லை. அவள் கணவன் அதன் மேல்தட்டையும் அடித்தட்டையும் கேஸ் கட்டரால் அறுத்தெடுத்து, உடம்பில் ஒரு கோடு இழுத்து, பாயை விரிப்பதுபோல் விரித்துப் போடுவான். தகடு எடைக்குப் போகும். அதைக் கழுவுகிற பேச்சே எழுந்ததில்லை. கிழிக்கப் போகிற துணியை யாராவது துவைப்பார்களா?

அறுப்பதற்கு முன் ஒரு முறை உண்டு. டிரம்மை நிறுத்திவிட்டு அவன் குரல் கொடுப்பான்.

"எம்ப்டியா?"

டங்கு அண்ணன் வருவார். டிரம் இறக்கிப் பிரிப்பது அவர் வேலை. கையில் எப்போதும் ஒரு ஸ்பேனர் இருக்கும். டிரம்மின் இடுப்பில் ஒரு தட்டு. தொப் என்றால் உள்ளே சரக்கு மிச்சம். டங் என்றால் இல்லை. அந்தச் சத்தம்தான் அவருக்குப் பெயராகிவிட்டது. வீட்டில் வைத்த பெயர் என்னவென்று கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார். "பொண்டாட்டி பொய் சொல்லலாம், மூக்கு பொய் சொல்லலாம், டிரம்மு சொல்லாது" என்பார். தட்டிவிட்டு யார்டே கேட்கும்படி பதில் சொல்வார்.

"எம்ப்டி!"

அதற்குப் பிறகுதான் லைட்டர்.

அன்றைக்கும் அப்படித்தான் நடந்தது. அவன் கேட்டான். டங். அவர் சொன்னார். கழுவும் கொட்டகையில் அவளுக்கும் அது கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற குரல்கள். அவள் நிமிரவில்லை. அடுத்து வந்த சத்தத்துக்குத்தான் நிமிர்ந்தாள்.

டிரம்மின் மேல்தட்டு கூரையைப் பிளந்துகொண்டு போயிருந்தது. அவன் மல்லாந்து கிடந்தான். பக்கத்தில் கட்டர் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. யாரோ ஓடிப்போய் அதை மூடினார்கள். அவனிடம் முதலில் போகப் பயந்து அதனிடம் போனார்கள்.

விசாரிக்க வந்தவர்கள் டிரம்மின் இரண்டு பாகங்களையும் புரட்டிப் பார்த்தார்கள். உள்ளே உலர்ந்திருந்தது. வயிற்றில் வெள்ளை எழுத்து. டங்கு அண்ணனைக் கேட்டார்கள். அவர் ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். "எம்ப்டிதாங்க. நான்தான் தட்டினேன்." அவர்களுக்கும் அது சரியாகப் பட்டது. எம்ப்டி டிரம். போய்விட்டார்கள்.

பிறகு எது அவனைக் கொன்றது?

ஊர் வாய்க்கு மூடி ஏது? சாப்பாட்டு வேளையில் லோடு ஏற்றுகிறவன்தான் ஆரம்பித்தான். "உள்ள ஏதோ அடைஞ்சிருக்கு. எங்கிருந்தோ டிரம்மோட சேந்து வந்திருக்கு. நெருப்பைக் கண்டதும் பாஞ்சிருச்சு."

"ஏதோன்னா?"

"ஏதோன்னா ஏதோதான். பேர் சொல்லி ஏன் கூப்பிடணும்?"

லாரிக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எம்ப்டியா கிடக்கிற வீட்டுலதான் அதுங்க குடிவரும். டிரம்முக்கு மட்டும் விதிவிலக்கா?"

அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடினாள். "எல்லாரும் வாயைக் கழுவுங்க. சோடா வேணும்னா நான் தரேன்."

அவளுக்கு அந்தப் பேச்சு பொறுக்கவில்லை. செத்தவனைப் பேய் அடித்தது என்று சொல்வது, தப்பு யார் மேலும் இல்லை என்று சொல்வதுதானே? ஆனால் தப்பு எங்கே என்று அவளுக்கும் தெரியவில்லை. டங் என்ற சத்தம் அவள் காதிலும் விழுந்தது. உள்ளே ஒன்றும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

வீட்டில் கதவுக்குப் பின்னால் அவன் சட்டை தொங்கியது. அவள் அதை இரண்டு முறை துவைத்துவிட்டாள். ஆனாலும் மத்தியானம் பூட்டிக் கிடந்த அறையைச் சாயங்காலம் திறந்தால், பெயிண்ட்டில் கலக்கிற தின்னரின் வாடை முதலில் வந்து முகத்தைத் தொட்டது. அவன் வேலை விட்டு வந்து நிற்பதுபோல. அவள் வாசலிலேயே நிற்பாள். பிறகு உள்ளே போய் ஜன்னலைத் திறப்பாள். சில நாள் திறக்கமாட்டாள்.

வீட்டில் அவளும் கொழுந்தனும்தான். அவள் கல்யாணமாகி வந்தபோது டவுசர் போட்டுக்கொண்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றவன். பள்ளிக்கூடத்துக்குத் தலைவாரி அனுப்பியது அவள். காய்ச்சலில் விழுந்தபோது பக்கத்தில் கிடந்தது அவள். இப்போது கிரில் பட்டறையில் வெல்டிங் வேலை. கண்ணாடியில் மீசையைப் பார்க்கிற வயது. அண்ணன் போன பிறகு, தினமும் பட்டறையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தான். அது மட்டும்தான் அவன் காட்டிய துக்கம்.

முதலாளி ஒரு நாள் வீட்டுக்கே வந்தார். கொடுத்த நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். அவளைப் பார்க்காமல் கொழுந்தனைப் பார்த்துப் பேசினார்.

"வெளியாள எடுக்க எனக்கு மனசில்லப்பா. உங்க அண்ணன் இடம் கா..." நாக்கைக் கடித்துக்கொண்டார். "உங்க அண்ணன் இடம் எம்ப்டியா இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை.

"நான் வரேன் சார்" என்றான் கொழுந்தன்.

அவர் போன பிறகு அவள் கேட்டாள். "உனக்கென்ன பைத்தியமா? கிரில் பட்டறையில கையைக் காலைச் சுட்டுக்கிட்டாலும் உயிரோட வர்றியே, அது போதாதா?"

"அண்ணி, எல்லா டிரம்மும் வெடிக்குமா? அண்ணன் எவ்வளவு டிரம் அறுத்திருப்பான்? அன்னிக்கு அவனுக்கு நேரம் சரியில்ல. அவ்வளவுதான்."

"நேரம் உனக்கு மட்டும் நல்லா இருக்கா?"

"எனக்கென்ன? ராஜா மாதிரி." மீசையைத் தடவினான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் அவனிடம் இருந்த மோசமான பழக்கம். சிரிக்க வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான்.

முதல் நாள் அவன் அண்ணனின் இடத்தில் நின்றான். ஒரு நசுங்கிய கிரீஸ் டிரம். யார்டில் எல்லோரும் ஏதோ வேலை இருப்பதுபோல் அந்தப் பக்கமாகவே நடமாடினார்கள். அவன் குரல் கொடுத்தான்.

"எம்ப்டியா?"

அண்ணனின் குரல்தான். அவள் கையிலிருந்த ஓஸ்பைப் நழுவிக் காலை நனைத்தது.

டங்கு அண்ணன் வந்தார். தட்டினார். டங். வாய் திறந்தது. சொல் வரவில்லை.

"சொல்லுங்கண்ணே."

"உனக்குக் காது இல்ல? சத்தம் கேட்டுச்சில்ல?"

"வாயால சொல்லுங்க. முறைன்னு ஒண்ணு இருக்கில்ல."

"என் வாய் விளங்காத வாய்டா. ஒரு தடவை சொன்னது போதும்." அவர் திரும்பி நடந்தார்.

கொழுந்தன் டிரம்மின் முன்னால் தனியாக நின்றான். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. குடோனின் நிழல் டிரம் அடுக்கின்மேல் ஏறியது. அப்போது அந்த டிரம்மே சொன்னது.

டங்.

யாரும் தட்டவில்லை. பகலெல்லாம் வெயிலில் காய்ந்து உப்பிய தகடு, சூடு இறங்கும்போது உள்வாங்கும். எல்லாச் சாயங்காலமும் அந்த அடுக்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்கிற சத்தம்தான். அதுவரை யாரும் அதைக் காதில் வாங்கியதில்லை. இப்போது யார்டே வாங்கியது. லோடு ஏற்றுகிறவன் தூக்கிய மூட்டையை மறுபடி கீழே வைத்தான்.

கொழுந்தனின் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு சிரித்தான்.

"பாத்தீங்களா? அண்ணன் இன்னும் டியூட்டிலதான் இருக்கான்."

லைட்டரைத் தட்டினான். கிரீஸ் டிரம் புகைந்து அறுபட்டது. ஒன்றும் ஆகவில்லை.

அன்றிலிருந்து அது அவன் முறையாகிவிட்டது. காலையில் தகட்டை நேராக்குவான், அடுக்குவான், விளிம்பு தட்டுவான். அறுப்பதைச் சாயங்காலத்துக்கு ஒதுக்கினான். "எம்ப்டியா?" என்று கேட்பான். கட்டரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பான். சில நாள் உடனே வரும். சில நாள் நிழல் முழுக்க ஏறும்வரை வராது. வந்ததும், "அண்ணன் சொல்லிட்டான்" என்பான். முதலில் கேலியாகச் சொன்னான். பிறகு சாதாரணமாகச் சொன்னான். வாசலில் யார் என்று கேட்டால் பால்காரர் என்பதுபோல.

யார்டும் பழகிக்கொண்டது. பயம் கூடப் பழகினால் வழக்கம்தான். லோடு ஏற்றுகிறவன், "இன்னிக்கு உங்க அண்ணன் லேட்டு" என்று கத்துவான். டங்கு அண்ணன் மட்டும் அந்த நேரத்தில் கேட்டுக்கு வெளியே போய் நிற்பார்.

அவள் சாப்பாடு போடும்போது கேட்டாள்.

"விளையாட்டுக்குத்தானே அப்படிச் சொல்ற?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். "எது?"

"அண்ணன் சொல்றான்னு."

"தெரியல அண்ணி. கேட்டா பதில் வருது. வேற யாரும் சொல்லமாட்டேங்கிறாங்க." பிறகு நிமிர்ந்து பார்த்தான். "அண்ணன் எனக்குக் கெடுதல் சொல்வானா?"

அவள் குழம்பை ஊற்றினாள். அண்ணனுக்கும் அப்படித்தான் ஒருவர் பதில் சொன்னார். கெட்டவரா அவர்?

அந்த நாட்களில் வந்ததெல்லாம் கிரீஸும் எண்ணெயும். பிறகு ஒரு நாள் தின்னர் டிரம்கள் வந்தன. ஒரு லாரி நிறைய. வயிற்றில் எல்லாம் வெள்ளை எழுத்து. டங்கு அண்ணன் ஒவ்வொன்றாகத் தட்டி இறக்கினார். டங், டங், டங். ஒன்றில்கூடச் சொட்டுச் சரக்கு இல்லை. நேரானவை அவளிடம் வந்தன. நசுங்கியவை கொழுந்தனிடம் போயின.

மத்தியானத்துக்குப் பிறகு அவள் ஒரு டிரம்மை எடுத்தாள். வெயிலில் நின்று கொதித்திருந்தது. வாய்மூடியைத் திருகினாள். உஸ்ஸென்று முகத்தில் மூச்சு விட்டது. அது புதிதில்லை. சூடான டிரம் எல்லாம் அப்படித்தான் பெருமூச்சு விடும். முன்பெல்லாம், "இதுக்கும் என்னை மாதிரிதான் குடும்பக் கஷ்டம்" என்று சொல்லி அவள் கணவனைச் சிரிக்க வைப்பாள். இன்றைக்கு அந்த வாடையில் அவளுக்கு வீட்டுக் கதவு ஞாபகம் வந்தது. சட்டை ஞாபகம் வந்தது. முகத்தைத் திருப்பினாள்.

திருப்பிய இடத்தில் சுவர். சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர். வெயில் சாய்வாக விழுந்து டிரம்மின் நிழலும் அவள் நிழலும் அதன்மேல் இருந்தன. நடுவில் இன்னொன்றும் இருந்தது.

டிரம்மின் வாயிலிருந்து ஒரு நிழல் வழிந்துகொண்டிருந்தது. மெலிசாக, நெளிந்து நெளிந்து. மேலே போகவில்லை. டிரம்மின் தோளைத் தொட்டு, பக்கவாட்டில் சரிந்து, கீழே இறங்கியது.

அவள் டிரம்மைப் பார்த்தாள். வாயில் ஒன்றும் இல்லை. புகை இல்லை, தூசி இல்லை. சுவரைப் பார்த்தாள். இருந்தது. கையை வாய்க்கு மேலே நீட்டினாள். சுவரில் அவள் விரல்களின் நிழலைச் சுற்றிக்கொண்டு அது போயிற்று. ஆளில்லாத நிழல். உள்ளே ஏதோ அடைந்திருக்கிறது என்று சொன்னவர்களைத் திட்டினோமே என்று நினைத்தாள்.

ஓடியிருக்கலாம். ஓடவில்லை. இத்தனை வருடத்தில் கை கற்ற வேலை ஒன்றுதான். சுடுதண்ணியை ஊற்றினாள், சோடாவைப் போட்டாள், சங்கிலியைப் போட்டு உருட்டினாள், கவிழ்த்தாள். மறுபடி அதே இடத்தில் நிறுத்தினாள். சுவரில் நிழல் மெலிந்திருந்தது. வாடையும் பாதியாகியிருந்தது. இன்னொரு முறை கழுவினாள். இன்னும் ஒரு முறை. கடைசியில் சுவரில் டிரம்மின் நிழல் மட்டும் நின்றது. மூக்கை வைத்தாள். ஒன்றும் இல்லை.

பேயாக இருந்தால் சோடாவுக்குப் போகுமா?

அவள் ஈரக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கழுவுவதற்கு முன்னும் இந்த டிரம் டங் என்றுதான் சொன்னது. வயிற்றிலும் அதேதான் எழுதியிருந்தது. ஊற்றினால் வராத ஒன்று, தட்டினால் கேட்காத ஒன்று, உள்ளே முட்ட முட்ட நிறைந்திருந்தது. அது பற்றிக்கொள்கிற சரக்கின் வாடை; கண்ணுக்குத் தெரியாத அதுதான் வெயிலில் சுவர்மேல் நிழலாக விழுந்தது. அதைத் துரத்துவதுதான் அவளுடைய வேலையே. யாருக்காகத் துரத்தினாள்? அடுத்து ஊற்றப் போகிற எண்ணெய்க்காக. மூக்கை வைக்கப் போகிற வியாபாரிக்காக. நெருப்பை வைக்கப் போகிறவனுக்காக ஒரு டிரம்மையும் அவள் கழுவியதில்லை. கழுவு என்று அவனும் சொல்லவில்லை. கணவனுக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது இரண்டு கொட்டகை தூரம். அந்த டிரம் அவள் கையைத் தொடாமலே அவனிடம் போனது.

குடோனின் நிழல் வாசலுக்கு வந்திருந்தது. அறுக்கும் கொட்டகையிலிருந்து குரல் கேட்டது.

"எம்ப்டியா?"

அவள் ஓடினாள்.

கொழுந்தன் ஒரு நசுங்கிய தின்னர் டிரம்முக்கு முன்னால் நின்றிருந்தான். ஒரு கையில் கட்டர், ஒரு கையில் லைட்டர். தலையைக் கொஞ்சம் சாய்த்துக் காதைக் கொடுத்திருந்தான். முதலாளி தகடுகளைப் பார்வையிட வந்து அங்கேதான் நின்றார்.

"தம்பி, வேண்டாம். உள்ள வாடை இருக்கு. கழுவாம நெருப்பு வைக்காதே" என்றாள் அவள்.

அவன் சிரித்தான். "வாடை எங்க அண்ணி இல்ல? உங்க கையில இல்லையா? என் சட்டையில இல்லையா? தினம் இதைப் போட்டுக்கிட்டுதானே கட்டரைப் பிடிக்கிறேன். பத்திக்கிச்சா?"

"கண்ணால பாத்தேன்டா. செவுத்துல நிழல் விழுது."

லோடு ஏற்றுகிறவன் எழுந்து நின்றான். முதலாளி நெற்றியைத் தடவினார். "என்னம்மா நீயும் இப்படி ஆரம்பிச்சுட்ட? உடைச்சு விக்கிறதுக்கு என்னத்துக்குக் கழுவல்? அதுக்கு ஒரு ஆள், அதுக்கு ஒரு நேரம். தட்டித்தானே இறக்கினாங்க? எம்ப்டிதானே?"

டங்கு அண்ணன் கேட்டில் நின்றிருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார்.

அப்போது அது சொன்னது.

டங்.

"அண்ணன் சொல்லிட்டான்" என்றான் கொழுந்தன். லைட்டரை உயர்த்தினான்.

அவளுக்குத் தெரிந்தது. நிழலையும் வாடையையும் சோடாவையும் சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அவன் கேட்கிற குரல் ஒன்றே ஒன்று. அந்தக் குரலைத்தான் பிடிக்க வேண்டும்.

"யார் சொன்னது?" என்றாள்.

"அண்ணன்."

"எங்கேருந்து சொன்னாரு?"

அவன் கை நின்றது.

"கேக்குறேன்ல. எங்கேருந்து வந்துச்சு சத்தம்? வானத்துலேருந்தா?"

அவன் டிரம்மைப் பார்த்தான்.

"உள்ளேருந்துதானே? அப்போ உங்க அண்ணன் உள்ளதானே இருக்காரு? உள்ள ஆள் இருக்கும்போது அது எப்படிடா எம்ப்டி?" அவள் குரல் உடைந்தது. அவள் உடைக்கவில்லை, அதுவாக உடைந்தது. "அவர் மேல ஏற்கெனவே ஒரு தடவை நெருப்பு வெச்சாச்சு. நீயும் வைக்கப் போறியா?"

கொழுந்தன் லைட்டரை மெதுவாகக் கீழே இறக்கினான். டிரம்மை விட்டு ஓரடி பின்னால் வந்தான். அவன் உதடு துடித்தது. டவுசர் போட்ட காலத்தில் அழுவதற்கு முன் துடிப்பதுபோல.

"அப்போ என்ன பண்றது அண்ணி?"

"என்கிட்ட குடு. நான் அனுப்பி வைக்கிறேன். அதுக்கப்புறம் அறு."

முதலாளி வாயைத் திறந்தார். சுற்றிலும் பார்த்தார். லோடு ஏற்றுகிறவன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தான். டங்கு அண்ணன் கேட்டுக்கு உள்ளே வந்து, ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டு, அந்த டிரம்மின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். முதலாளி வாயை மூடிக்கொண்டார். பிறகு, "என்னமோ செய்ங்க" என்றார்.

டிரம்மை உருட்டாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். யாரும் அப்படிச் சொல்லவில்லை. உருட்டத் தோன்றவில்லை.

அவள் வாய்மூடியைத் திருகியபோது அந்த மூச்சு முகத்தில் அடித்தது. அதன் முன்னால் தீப்பொறி ஒன்று போதும் என்று நினைத்தாள். கழுவினாள். கழுவி முடித்தும் மனம் ஆறவில்லை. அறுக்கும் கொட்டகைக்குக் கொண்டுபோய் நிறுத்தி, ஓஸ்பைப்பைச் சொருகி, தட்டுக்கு இரண்டு விரல் கீழே நிற்கும்வரை தண்ணீர் நிரப்பினாள். வாடைக்கு இருக்க இடம் இருக்கக்கூடாது.

கொழுந்தன் அறுத்தான். சிவந்த கோட்டுக்குக் கீழே தண்ணீர் சொய்யென்று கொதித்தது. மேல்தட்டு கழன்று சாதுவாகச் சரிந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். தண்ணீரில் அவர்கள் முகங்கள்தான் தெரிந்தன.

அதற்குப் பிறகு அறுக்கிற டிரம் எல்லாம் அவள் கை வழியாகத்தான் போகிறது. முதலாளி சில நாள் முணுமுணுத்தார். கழுவாத டிரம்மை ஒருவனும் தொடமாட்டேன் என்றதும் இன்னொரு சோடா மூட்டை வாங்கிப் போட்டார். வாடைதான் பற்றும் என்று அவள் கொழுந்தனுக்குப் பிறகு சொன்னாள். சுவரில் நிழலைக் காட்டினாள். அவன் நன்றாகப் பார்த்தான். தலையை ஆட்டினான். "சரி அண்ணி, வாடைன்னே வெச்சுக்கங்க" என்றான். பெரியவர்கள் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி.

வழக்கமும் மாறிவிட்டது. எம்ப்டியா என்று இப்போது யாரும் கேட்பதில்லை. அந்தச் சொல்லையே யார்டு கைவிட்டுவிட்டது. வயிற்றுக்கும் இல்லை, பாக்கெட்டுக்கும் இல்லை, முதலாளியின் மச்சினனுக்கும் இல்லை. அறுக்கும் கொட்டகையிலிருந்து கொழுந்தன் கேட்பது வேறு.

"அண்ணி, போயாச்சா?"

அவள் சொல்ல வேண்டும்: "போயாச்சு."

அவள் சொன்னால்தான் அவன் லைட்டரைத் தொடுவான். வேறு யார் சொன்னாலும் தொடமாட்டான். ஒரு நாளில் எத்தனை டிரம்மோ அத்தனை முறை அவள் அதைச் சொல்கிறாள். அண்ணன் உள்ளே இருக்கிறான் என்பது அவனைக் காப்பாற்றச் சொன்ன பொய்தான். அது பொய் என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தண்ணீர் ஏற ஏற வாடை வெளியேறும், நிறைந்தால் இருக்காது, வேறு ஒன்றுமில்லை. அவளுக்கு நன்றாகத் தெரியும்.

தெரிந்து என்ன? வீட்டில் சட்டையில் இப்போது வாடை இல்லை. கதவைத் திறந்தால் அறைதான் இருக்கிறது. அவனில் மிச்சம் இருப்பது இங்கே, இந்த டிரம்களில்தான்.

இன்றைக்கும் ஒரு தின்னர் டிரம். வெயிலில் காய்ந்தது. மூடியைத் திருகினாள். மூச்சு வந்தது. கழுவினாள். முதல் தண்ணி, இரண்டாம் தண்ணி. வாடை மெலிந்தது. அறுக்கும் கொட்டகையில் நிறுத்தி, ஓஸ்பைப்பைச் சொருகித் தண்ணீரைத் திறந்தாள். களக் களக் என்று உள்ளே ஏறியது. ஏற ஏற, உள்ளிருந்தது வாய் வழியாக மெல்ல வெளியே வந்து அவள் கன்னத்தில் பட்டது.

அவள் முகத்தை நகர்த்தவில்லை. தண்ணீரைக் கொஞ்சம் மூடினாள். ஒழுக்கு நூலாக மெலிந்தது.

"அண்ணி, போயாச்சா?"

வெயில் குடோனுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. யார்டில் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"இன்னும் இல்ல" என்றாள். "கொஞ்சம் பொறு."